தூக்கம் வரவில்லை என்று மருந்துக்கடைக்கு வருகிறவர்களுக்கு

ஏலக்காய் எடுப்பு தொடங்கிவிட்டால் கம்பத்தில் இருட்டு விலகுவதற்கு முன்பே ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் காய் எடுக்கப் போகும் பெண்கள் தூக்குவாளியோடு சாலையோரம் நிற்பார்கள். மாலை மங்கும்போதுதான் திரும்புவார்கள். அப்படிப் போய்வருகிற ஒரு பெரியம்மா, வயது ஐம்பத்தெட்டு, நான் மருந்தாளுநராக வேலை பார்க்கும் கடைக்கு ஓர் இரவு வந்தார். மற்றவர்கள் வாங்கிக்கொண்டு போகும் வரை ஓரமாக நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தூக்கத்துக்கு ஒரு மாத்திரை கொடு தாயி" என்றார்.

"இதுவரை ஏதாவது போட்டுப் பார்த்தீர்களா பெரியம்மா?" என்று கேட்டேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து வைத்தார். சளி மாத்திரை. ஒரு மாதத்துக்கு முன் சளிக்காகப் போட்டிருக்கிறார். அன்று கண் சொக்கியிருக்கிறது. அதிலிருந்து தினமும் படுக்கும் முன் ஒன்று. முதல் சில நாள் கேட்டது, இப்போது கேட்கவில்லை, ராத்திரி ஒரு மணி வரை கொட்டக் கொட்ட விழித்திருக்கிறேன் என்றார்.

அட்டையைத் திருப்பி, டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, அந்தப் பொடி எழுத்தை வாசித்தேன். பாராசிட்டமால், ஃபினைல்எஃப்ரின், குளோர்ஃபெனிரமின், கஃபீன். நான்கில் ஒன்றுதான் அசத்துகிற மருந்து. பாராசிட்டமால் காய்ச்சலுக்கும் வலிக்கும். ஃபினைல்எஃப்ரின் மூக்கடைப்புக்கு, அது ரத்தநாளங்களைச் சுருக்கும், சிலருக்குப் படபடப்பைக் கொடுத்து விழிக்க வைக்கும். கஃபீன் என்பது டீயிலும் காபியிலும் நம்மை எழுப்பி உட்கார வைக்கிற அதே சரக்கு. தூக்கம் வரவேண்டும் என்று அந்த அம்மா ஒரு மாதமாக இரவு ஒன்பது மணிக்கு கஃபீன் விழுங்கியிருக்கிறார்.

அவரைப் போல வருகிறவர்கள் கடைக்கு வாரத்தில் நாலைந்து பேராவது உண்டு. மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடியவற்றில் எது என்ன செய்யும், யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்பதை அவர்களுக்கு நின்று சொல்லப் பல நேரம் அவகாசம் கிடைப்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: கண்ணைச் சொக்க வைப்பது வேறு, தூக்கத்தைச் சரிசெய்வது வேறு. கடையில் சீட்டில்லாமல் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை முதல் வேலையை மட்டுமே செய்கின்றன.

தூக்கம் எப்படி வருகிறது என்பதை நம் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. பெரியாறு அணையின் நீர்மட்டத்தை நாம் நாள்தோறும் பேப்பரில் பார்க்கிறோம். 2014-இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று சொன்னதிலிருந்து அந்த எண் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் மனப்பாடம். ஆனால் அணையில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் தேக்கடித் தலைமதகைத் திறந்தால்தான் சுரங்கம் வழியாக லோயர் கேம்ப்புக்குத் தண்ணீர் இறங்கும், நம் வயலுக்கு வரும். மட்டமும் வேண்டும், மதகும் திறக்க வேண்டும்.

தூக்கமும் அப்படித்தான். காலையில் விழித்த நேரத்திலிருந்து மூளையில் அடினோசின் என்ற பொருள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. அதுதான் நீர்மட்டம். எவ்வளவு நேரம் விழித்திருக்கிறோமோ அவ்வளவு மட்டம் ஏறும், தூங்கத் தூங்க இறங்கும். இன்னொரு பக்கம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. வெளிச்சம் குறைந்து இரவு நெருங்கியதும் அது மூளையிலுள்ள பினியல் சுரப்பியை மெலடோனின் சுரக்கச் சொல்லும். அதுதான் மதகு திறக்கும் உத்தரவு. அலெக்சாண்டர் போர்பெலி என்ற ஆய்வாளர் 1982-இல் இந்த இரட்டை ஏற்பாட்டை ஒழுங்காக எழுதிக் காட்டினார். தூக்க மருத்துவத்தில் இன்றும் அதுவே அடிப்படைப் பாடம்.

டீ என்ன செய்கிறது என்றால் நீர்மட்டத்தை இறக்குவதில்லை. அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் கஃபீன் உட்கார்ந்துகொள்கிறது. அணையில் தண்ணீர் அப்படியே நிற்கிறது, அளவுகோலை மட்டும் துணி போட்டு மூடிவிட்டோம். குடித்த கஃபீனில் பாதி கழியவே பெரியவர்களுக்கு ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகிறது. மாலை ஐந்து மணிக்கு மலையிலிருந்து இறங்கும்போது குடித்த கட்டன் சாயாவின் பாதி, பத்து மணிக்குப் படுக்கும்போதும் உடம்பில் இருக்கிறது. பகல் தூக்கம் வேறு வகை. அது மட்டத்தையே இறக்கிவிடும். திரும்பும் ஜீப்பில் ஒரு மணி நேரம் தலை சாய்த்து உறங்கினால், இரவுக்கென்று சேர்ந்த தண்ணீரில் ஒரு பங்கு அங்கேயே போய்விடுகிறது.

இதைப் புரிந்துகொண்டால் மருந்தைத் தேர்ந்தெடுப்பது பாதி முடிந்தது. உங்களுக்குக் குறைந்தது நீர்மட்டமா, மதகு நேரம் தவறித் திறக்கிறதா, அல்லது இரண்டும் சரியாக இருந்தும் வலி, கவலை, மூச்சடைப்பு, சிறுநீர் என்று வேறு ஏதோ உங்களை எழுப்புகிறதா? மூன்றுக்கும் ஒரே மாத்திரை இருக்க முடியாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதில் மனத்தாங்கல் வருகிறது. "தூக்க மாத்திரை" என்று ஊரில் சொல்லப்படுகிற அல்பிரசோலம், டயசிபம், நைட்ரசிபம், சோல்பிடெம் ஆகியவை 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள எச்-1 அட்டவணையைச் சேர்ந்தவை. சீட்டு இல்லாமல் கொடுக்க முடியாது. சீட்டோடு கொடுத்தாலும் வாங்குகிறவர் பெயர், எழுதிய மருத்துவர் பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். "குமுளியில் கொடுப்பார்களாமே" என்று சிலர் கேட்கிறார்கள். எல்லை தாண்டினால் பாஷை மாறும், பஸ்ஸின் நிறம் மாறும், மருந்துச் சட்டம் மாறாது. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டம் மத்திய அரசின் சட்டம். இந்த மாத்திரைகளில் பலவற்றை நாள்கணக்கில் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் முன்னைவிட மோசமாகத் தூக்கம் கெடும், சிலருக்கு வலிப்புகூட வரும். பழக்கமாகப் பிடித்துக்கொள்ளும் மருந்து என்பதால்தான் இத்தனை கட்டுப்பாடு. ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவர்கள் இதை வாசித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிட வேண்டாம். எழுதிக் கொடுத்தவரிடமே போய், படிப்படியாகக் குறைக்கச் சொல்லுங்கள்.

இனி, சீட்டில்லாமல் மக்கள் கையில் வந்து சேருபவை. முதலில் அந்தச் சளி மாத்திரைக் குடும்பம்.

ஹிஸ்டமின் என்றால் அரிப்பும் தும்மலும் உண்டாக்குகிற பொருள் என்றுதான் பலருக்கும் தெரியும். மூளைக்குள் அதற்கு வேறு வேலை. அங்கே அது விழிப்பை ஏற்றிவைக்கிற விளக்கு. டைஃபென்ஹைட்ரமின், டாக்சிலமின், குளோர்ஃபெனிரமின், ஃபெனிரமின், புரோமெத்தசின் போன்ற பழைய தலைமுறை ஒவ்வாமை மருந்துகள் ரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் புகுந்து அந்த விளக்கை மங்கவைக்கின்றன. அதனால் சொக்குகிறது. நீர்மட்டத்துக்கும் மதகுக்கும் இவற்றோடு சம்பந்தமே இல்லை. அமெரிக்காவில் டைஃபென்ஹைட்ரமினும் டாக்சிலமினும் தூக்கத்துக்கென்றே சீட்டில்லாமல் விற்கப்படுகின்றன. அங்கேயும் அட்டைப்பெட்டியில், இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள் என்று எழுதியிருக்கும். நம் நாட்டில் இவை சளி, அரிப்பு, இருமல் மருந்துகளாகத்தான் வருகின்றன. இந்த வகை மருந்துகள் பலவற்றின் உறையில், மருத்துவ மேற்பார்வை இல்லாமல் உட்கொள்வது ஆபத்து என்ற எச்சரிக்கையும் அச்சாகியிருக்கும். யாரும் வாசிப்பதில்லை. எழுத்தும் வாசிக்கிற அளவில் இல்லை என்பது என் வருத்தம்.

இவற்றில் இரண்டு சிக்கல். ஒன்று, நாலைந்து நாளில் மூளை பழகிக்கொள்கிறது, சொக்குவது குறைகிறது. ஆட்கள் ஒன்றை இரண்டாக்குகிறார்கள். இரண்டு, காலையிலும் விடுவதில்லை. குளோர்ஃபெனிரமின் உடம்பில் பாதியாகக் குறையப் பலருக்கு 20 மணி நேரத்தை ஒட்டி ஆகிறது. படுக்கும் முன் விழுங்கியது மறுநாள் மத்தியானமும் தலைக்குள் இருக்கும். குமுளி மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிற தம்பிகளுக்கு இதை நான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்: கொண்டை ஊசி வளைவுக்கு வேண்டிய நிதானத்தை இந்த மாத்திரை, உங்களுக்கே தெரியாமல், குறைத்துவிடும். தூக்கம் வருவதுபோல் தோன்றாது, ஆனால் கை ஒரு கணம் தாமதமாகத் திரும்பும். ஜீப்பில் பின்னால் பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வயதானவர்களைப் பற்றி நின்று பேச வேண்டும். இந்தப் பழைய மருந்துகள் ஹிஸ்டமினோடு நிற்பதில்லை, அசிட்டைல்கோலின் என்ற இன்னொன்றையும் தடுக்கின்றன. வாய் வறளும், மலம் கட்டும், பார்வை மங்கும், சிறுநீர் இறங்காது, புத்தி தடுமாறும். திராட்சைத் தோட்டம் வைத்திருந்த ஒரு பெரியவர், எழுபதைத் தாண்டியவர், இரவில் நான்கு முறை சிறுநீருக்கு எழுந்ததால் தூக்கம் போனது. அவருக்கு உண்மையில் புராஸ்டேட் வீக்கம். வீட்டில் இருந்த இருமல் சிரப்பை, டைஃபென்ஹைட்ரமின் உள்ளது, தூக்கத்துக்கென்று மூன்று இரவு ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் இரவு சிறுநீர் முற்றிலும் அடைத்துக்கொண்டது. அடிவயிறு கல்லாகி, வலியில் துடித்தவரை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போய், குழாய் வைத்துத்தான் இறக்கினார்கள். மகன் மறுநாள் அந்தச் சிரப் பாட்டிலைக் கொண்டுவந்து என் முன் வைத்து, "இதாலா?" என்று கேட்டார். இதுதான் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை, சொன்னேன். முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் பியர்ஸ் பட்டியலில் இந்த மருந்துகள் இருக்கின்றன. அறுபத்தைந்து கடந்தவர்கள், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள், கண் அழுத்த நோயில் கோணம் குறுகிய வகை உள்ளவர்கள் இவற்றைத் தூக்கத்துக்காகத் தொடவே வேண்டாம். குழந்தைகளை அசத்தத் தருவதும் கூடாது.

அப்படியென்றால் யாருக்குத்தான்? நடுவயதுக்குள், வேறு நோய் இல்லாமல், வேறு மருந்து போடாமல், மறுநாள் வண்டியோ இயந்திரமோ தொடாமல் இருக்கும் ஒருவருக்கு, துக்க வீட்டுக்குப் பிந்தைய இரவு, நீண்ட பயணத்துக்குப் பிந்தைய இரவு என்று ஓரிரு இரவுக்கு, மருந்தாளுநரிடம் கேட்டு, தனி மருந்தாக வாங்கலாம். கூட்டுச் சளி மாத்திரையாக அல்ல. அதற்கு மேல் இந்தக் குடும்பத்தை நான் பரிந்துரைப்பதில்லை. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2017-இல் வெளியிட்ட வழிகாட்டி, நாள்பட்ட தூக்கமின்மைக்கு டைஃபென்ஹைட்ரமின் வேண்டாம் என்றே சொல்கிறது. மெலடோனினையும் வலேரியன் என்ற மூலிகையின் வேரையும் அதே பட்டியலில்தான் வைத்திருக்கிறது.

ஆனாலும் மெலடோனினை அடியோடு தள்ள வேண்டியதில்லை. அதன் வேலையைத் தெரிந்து கேட்க வேண்டும். 1958-இல் ஏரன் லெர்னர் என்ற தோல் மருத்துவர் யேல் பல்கலைக்கழகத்தில் மாட்டின் பினியல் சுரப்பிகளிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். இது மயக்க மருந்து அல்ல. மதகு திறக்க வேண்டிய நேரத்தைச் சொல்கிற சேதி. ஆகவே நேரம் தவறியவர்களுக்குத்தான் இது உதவும். உத்தமபாளையத்தில் வீட்டிலிருந்தபடியே அமெரிக்கக் கம்பெனிக்கு விடிய விடிய வேலை பார்த்து, இப்போது பகல் வேலைக்கு மாறிய பையன். கடல் கடந்து விமானத்தில் வந்து நடுராத்திரி பசியோடு உட்கார்ந்திருக்கும் பேத்தி. இரவு இரண்டு மணிக்கு முன் எவ்வளவு முயன்றாலும் கண் மூடாத கல்லூரி மாணவர் — இவர்களுக்குச் சில நாளுக்குப் பயன்படும். படுத்தால் உறக்கம் வந்துவிடுகிறது, நடுவில்தான் விழிப்பு வருகிறது என்பவர்களுக்கு இதனால் பெரிய பலன் இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2013-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இது தூக்கம் வரும் நேரத்தைச் சராசரியாக 7 நிமிடம்தான் முன்னுக்குக் கொண்டுவந்தது. 7 நிமிடத்துக்காக மாதக்கணக்கில் செலவு செய்ய வேண்டுமா என்று வாங்குகிறவர்தான் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கடையில் 3, 5, 10 மி.கி. என்று கிடைக்கும். அளவு கூடக் கூடத் தூக்கம் கூடிவிடாது. குறைந்த அளவிலேயே, படுக்கும் நேரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பாக எடுத்தால் போதும். எடுத்துவிட்டு செல்போன் வெளிச்சத்தில் முகத்தை வைத்திருந்தால் மாத்திரை திறக்கச் சொல்வதை வெளிச்சம் மூடச் சொல்லும். மிட்டாய் மாதிரி மெல்லும் வகையை நான் யாருக்கும் எடுத்துக் கொடுப்பதில்லை. கனடாவில் 2017-இல் 31 மெலடோனின் பொருட்களைச் சோதித்தபோது, உறையில் எழுதியதைவிடச் சிலவற்றில் 83 சதவீதம் வரை குறைவாகவும் சிலவற்றில் 478 சதவீதம் வரை கூடுதலாகவும் சரக்கு இருந்தது தெரியவந்தது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வலிப்பு நோய்க்கோ ரத்தம் உறையாமலிருக்கவோ மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

வெளிநாட்டிலிருந்து வரும் டப்பாக்களைப் பற்றி ஒரு வார்த்தை. வளைகுடாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் பிள்ளைகள் தூக்கத்துக்கென்று டப்பா வாங்கிவந்து பெற்றோரிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். வலி மாத்திரையின் பெயருக்குப் பின்னால் "பி.எம்." என்று இருந்தால், பெரும்பாலும் அது பாராசிட்டமாலும் டைஃபென்ஹைட்ரமினும் சேர்ந்தது. அங்கே பாராசிட்டமாலை அசிட்டமினோஃபென் என்று எழுதுவார்கள். மூட்டுவலிக்கு இங்கே பாராசிட்டமால் போட்டுக்கொண்டிருக்கும் அப்பா, இரவில் அதையும் போட்டால் ஒரே மருந்தை இரண்டு பெயரில் விழுங்குகிறார். எல்லா வழியிலும் சேர்த்து ஒரு நாளில் 4 கிராம் என்பது ஆரோக்கியமான பெரியவருக்கே உச்ச வரம்பு. மது பழக்கமோ கல்லீரல் கோளாறோ இருந்தால் வரம்பு இன்னும் கீழே.

எல்லைக்கு அந்தப் பக்கம் குமுளியில் ஆயுர்வேதக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஏலத்தையும் மிளகையும் பார்க்கப் போகிறவர்கள் வரும்போது ஒரு பாட்டில் க்ஷீரபலா தைலமும் வாங்கி வருவார்கள். குறுந்தொட்டி வேர், பால், நல்லெண்ணெய் சேர்த்துக் காய்ச்சுவது அது. உச்சந்தலையிலும் பாதத்திலும் தேய்த்துக் காலைப் பிடித்துவிட்டால் உடம்பு தளர்ந்து கொடுக்கும். வெளிப்பூச்சாகப் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. என் பாட்டிக்கு நானே தேய்த்துவிட்டிருக்கிறேன். நம் பக்கத்து அமுக்கராச் சூரணம் — அமுக்கரா கிழங்கோடு ஏலம், மிளகு, திப்பிலி, சுக்கு கூடியது — பாலில் கலந்து குடிப்பது பழைய வழக்கம். அமுக்கராவை வைத்துச் செய்த சிறு ஆய்வுகள் சிலவற்றில் தூக்கத்துக்குக் கொஞ்சம் பலன் தெரிந்திருக்கிறது. அதேசமயம் அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள், கர்ப்பிணிகள், கல்லீரல் நோய் உள்ளவர்கள் விலகியிருப்பது நல்லது. மூலிகைதானே என்று மருத்துவரிடம் சொல்லாமல் விடாதீர்கள். செடியிலிருந்து வந்தாலும் ஒரு மருந்து இன்னொரு மருந்தோடு மோதும்.

ஜாதிக்காய்தான் எனக்குப் பயம். இடுக்கிப் பக்கத்துத் தோட்டங்களில் மரத்திலிருந்து விழுந்த காயைக் கையில் எடுத்துப் பாருங்கள். மஞ்சள் தோல் பிளந்து, உள்ளே ரத்தச் சிவப்பில் பத்திரி வலைபோல் சுற்றியிருக்கும். அதை உரித்து, ஓட்டை உடைத்தால் பழுப்புக் கொட்டை. அதைச் சந்தனக்கல்லில் பாலில் இரண்டு இழைப்பு இழைத்து, விரல்நுனியில் வழித்துக் கொடுப்பது பாட்டி வைத்தியம். அந்த அளவு வேறு. ஒரு முழுக் கொட்டையைப் பொடித்துப் பாலில் கலக்கிக் குடிப்பது வேறு. ஒரு கொட்டை ஏறக்குறைய 5 கிராம் இருக்கும். அந்த அளவிலேயே அதிலுள்ள மிரிஸ்டிசின் நெஞ்சுப் படபடப்பு, வாந்தி, வாய் வறட்சி, இல்லாதது தெரிவது, பிதற்றுவது என்று ஒரு நாள் முழுக்க ஆட்டிவைக்கும். அது தூக்கம் அல்ல, விஷமேறிய நிலை. கைக்குழந்தை அழுகிறது என்று இழைத்து நாக்கில் தடவும் வழக்கமும் இங்கே இன்னும் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

வெறும் சூடான பால் கெடுதல் செய்யாது, பெரிய மருந்தும் இல்லை. மக்னீசியம் மாத்திரைக்குச் சான்று குறைவு. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆபத்து. மது படுத்தவுடன் அமுக்கும், பின்னிரவில் உலுக்கி எழுப்பும். எந்த அசத்தும் மருந்தோடும் மது சேர்ந்தால் மூச்சே மந்தமாகலாம்.

சரி, தூக்கமே கெட்டுக் கிடக்கிறது, எதைத்தான் செய்வது? வாரத்தில் 3 இரவுக்குக் குறையாமல், 3 மாதமாக இப்படி என்றால் அதற்கு நாள்பட்ட தூக்கமின்மை என்று பெயர். அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-இல் அதற்கு முதல் சிகிச்சையாகச் சொன்னது மாத்திரை அல்ல, பழக்கத்தை மாற்றும் முறைப்படியான பயிற்சி. அதன் சாரம் நம் அணைக் கணக்குதான். தினமும் ஒரே நேரத்தில் எழுவது. கண் தானாகச் சொருகும்போது மட்டும் படுப்பது. படுத்துப் புரண்டுகொண்டே இருந்தால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து, சொக்கும்போது திரும்பிப் போவது. சீக்கிரம் எழ வேண்டுமே என்று எட்டு மணிக்கே பாயை விரிக்கிறார்கள். மட்டம் ஏறுவதற்கு முன் மதகடியில் போய் நிற்பது அது. நேரம் கழித்துப் படுக்கச் சொன்னால் யாரும் முதலில் நம்புவதில்லை. ஒரு வாரம் கஷ்டமாக இருக்கும், பிறகு பிடிபடும். வண்டி ஓட்டுகிறவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். வேறு நோய்க்குப் போடும் மாத்திரைகளின் நேரத்தையும் பாருங்கள்: நீர் பிரியும் மாத்திரையை மாலையில் போட்டால் இரவெல்லாம் எழுப்பும், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டை இரவில் போட்டால் விழிக்க வைக்கும். பெரும்பாலும் காலைக்கு மாற்ற முடியும், எழுதியவரிடம் கேட்டு மாற்றுங்கள்.

குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறுகிறவர்களுக்கு எந்த அசத்தும் மருந்தும் கூடாது. அவர்கள் மருத்துவரிடம்தான் போக வேண்டும். மனம் இருண்டு, விடியுமுன்னே விழித்து, வாழப் பிடிக்கவில்லை என்ற நினைப்பு வருகிறவர்கள் மருந்துக்கடைக்கு வரவே வேண்டாம். 14416 என்ற டெலி-மனஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு இல்லை.

அந்தப் பெரியம்மாவுக்கு நான் அன்று எந்த மாத்திரையும் கொடுக்கவில்லை. "படுத்ததும் என்ன ஆகிறது பெரியம்மா, முதலில் எது தொந்தரவு?" என்று கேட்டேன். சற்று யோசித்து, கால்தான் என்றார். படுத்தவுடன் கெண்டைக்காலுக்குள் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது, ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது, எழுந்து வாசலில் நான்கு நடை நடந்தால் அடங்குகிறது, படுத்தால் மறுபடி. பகலில் தோட்டத்தில் ஒன்றும் இல்லை. கால் அமைதியற்றுத் தவிக்கும் இந்தக் கோளாறு இரும்புச்சத்துக் குறைந்தவர்களிடம் நிறைய வரும். டைஃபென்ஹைட்ரமின், குளோர்ஃபெனிரமின் வகை மருந்துகள் அதைக் கிளறிவிடும். கஃபீனும் பலருக்கு அதைக் கூட்டும். தூக்கத்துக்கென்று போட்ட மாத்திரையே கால் தவிப்பைக் கூட்டி, அந்தத் தவிப்பு தூக்கத்தைத் தின்று, தூக்கம் வரவில்லையே என்று மறுபடி அதே மாத்திரை. அவருடைய கண் இமையின் உட்புறத்தைப் பார்த்தேன், வெளுத்திருந்தது. அரசு மருத்துவமனைக்குப் போய் ரத்தம் பார்க்கச் சொன்னேன். ஒரு நாள் கூலி போகுமே என்றார். ஞாயிறு கழித்துப் போனார்.

ஹீமோகுளோபின் எட்டரை. பெண்களுக்கு 12-க்குக் குறையக்கூடாது. வயிற்றில் ரத்தக் கசிவு இருக்கிறதா என்றும் மருத்துவர் பார்த்துவிட்டு, இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதை டீயோடு சேர்த்து விழுங்கினால் உடம்பில் ஒட்டாது என்பதை நான் சொன்னேன். ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும் என்று. மாலைச் சாயாவையும் ஜீப் உறக்கத்தையும் விடச் சொன்னேன். ஜீப் உறக்கத்தை விட அவரால் முடியவில்லை, உடம்பு அவ்வளவு அயர்ந்துவிடுகிறது. சாயாவை விட்டார்.

தீபாவளி கழித்து மறுபடி வந்தார். கால் அடங்கிவிட்டது, பத்து மணிக்குப் படுத்தால் பத்தரைக்குள் உறங்கிவிடுவதாகச் சொன்னார். இப்போது வந்தது சளிக்கு. தொண்டை கட்டியிருந்தது, உடம்பு சுட்டது. பாராசிட்டமால் அட்டை ஒன்றை எடுத்து வைத்தேன். பணத்தை எடுக்காமல், அட்டையைத் திருப்பி என் பக்கம் நீட்டினார்.

"பின்னால் என்ன எழுதியிருக்கிறது, வாசி தாயி."

"பாராசிட்டமால் 500 மி.கி.," என்று வாசித்தேன். "வேறொன்றும் இல்லை பெரியம்மா."